பெட்ரோலியம் ஜெல்லி: உதகையின் இரண்டு பனிக்காலங்களில் மூன்று பேரின் தோலில்

தூத்துக்குடி வீட்டில் மார்கழி விடியலில் மட்டும் சற்றே கலங்கித் தெரியும் தேங்காய் எண்ணெய், உதகமண்டலத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து நின்றது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறையும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் அந்தப் பாடம் எங்கள் குளியலறை மாடத்திலேயே நடந்தது. டிசம்பர் பிறந்து புல்வெளிகளில் உறைபனி படியத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமான தொல்லை வந்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்து, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுந்தது. எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்குக் கெண்டைக்காலும் முதுகும் இரவெல்லாம் அரித்தன. பதினைந்து வயது மகளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிந்துகொண்டிருக்க, கன்னம் மட்டும் பசை தடவிக் காயவைத்தது போல இழுத்துப் பிடித்தது.

அந்தப் பனிக்காலத்திலும் அதற்கடுத்த பனிக்காலத்திலும் நாங்கள் மூவரும் பயன்படுத்திப் பார்த்த பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றியது இந்த மதிப்புரை. மருந்துக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் இது. ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குள் ஒரு சிறிய டப்பா வந்துவிடும். விலை குறைவு என்பதற்காக இதைப் புகழ்வதற்கோ, பழைய பொருள் என்பதற்காக ஒதுக்குவதற்கோ எனக்கு விருப்பமில்லை. இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இதற்கு இணையாக நான் வேறொன்றைக் கண்டதில்லை; தெரியாமல் பயன்படுத்தினால் பிசுபிசுப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. முதல் பத்து நாட்கள் எனக்கு அந்தப் பிசுபிசுப்பு மட்டுமே மிஞ்சியது என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

டப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்குவது நிறமும் மணமும் இல்லாத வெள்ளை வகை. உறையில் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குகிறேன். இந்திய மருந்தியல் தரநூல் வகுத்த தூய்மை அளவுக்கு உட்பட்டது என்பதே அதன் பொருள். கச்சா எண்ணெயிலிருந்து வரும் பொருளைத் தோலில் பூசலாமா என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது நியாயமான கேள்விதான். சரியாகச் சுத்திகரிக்கப்படாத பெட்ரோலியப் பொருட்களில் தீங்கான சேர்மங்கள் தங்கியிருக்கக்கூடும். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கும்போது அவை நீக்கப்படுகின்றன. அதனால்தான் எடைபோட்டுத் தரும் பெயரில்லாத ஜெல்லியை நான் வாங்குவதில்லை. குழந்தைகளுக்கென்று ரோஜா மணம் சேர்த்து விற்கும் வகையையும் தவிர்த்துவிட்டேன். வெடித்த தோலுக்கு நறுமணப் பொருள் ஆகாது. அதற்கு முன்பு வேறொரு கடையில் விலை உயர்ந்த மணமுள்ள லோஷன் ஒன்றை வாங்கி அம்மாவின் காலில் தடவியபோது அவர் எரிச்சலில் துடித்ததை நான் மறக்கவில்லை.

இனி அந்தப் பத்து நாட்கள். இரவு படுக்கப் போகும் முன் ஹீட்டர் அருகே உட்கார்ந்து, காய்ந்து கிடந்த காலில் ஜெல்லியை அள்ளித் தேய்த்தேன். மேலே வழவழப்பாக இருந்தது, கீழே அரிப்பு அப்படியே இருந்தது. காலையில் பார்த்தால் போர்வையில் பாதியும் பாவாடை விளிம்பில் மீதியும் ஒட்டியிருந்தன. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்த நிலையில், அம்மாவை அழைத்துப்போன தோல் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: “ஈரத்தில் தடவினீர்களா, காய்ந்த பிறகு தடவினீர்களா?” அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளத் தோலின் அமைப்பைக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

நம் தோலின் கடைசி வெளிப்படலம் ஒரு தலைமுடியின் தடிமனைவிடவும் மெல்லியது. உடம்பின் பெரும்பாலான பகுதிகளில் பதினைந்து முதல் இருபது அடுக்கு வரையிலான, உயிரற்ற தட்டையான செல்களால் ஆனது. செங்கல் சுவர் என்று அதை விளக்குவார்கள். செல்கள் செங்கல், செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தின் எடையில் சுமார் பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செங்கல்லுக்கு உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருட்கள் இருக்கின்றன. அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தப் படலம் மெத்தென்று இருக்க அதில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் நீர் வேண்டும். அதற்குக் கீழே போனால் செல்கள் விறைத்து, ஒன்றையொன்று விட்டுச் சரியாகப் பிரிய முடியாமல் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. நாம் செதில் என்றும் பூத்துப்போதல் என்றும் சொல்வது அதைத்தான்.

சுவர் நன்றாக இருந்தாலும் உடலுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. அந்தக் காற்றை மூடிய அறைக்குள் ஹீட்டர் வைத்துச் சூடாக்கினால், அதே அளவு நீராவி இருக்க, காற்றின் தாகம் மட்டும் கூடிவிடுகிறது. அந்தத் தாகத்தை அது தணித்துக்கொள்வது நம் உதட்டிலும் காலிலும்தான். கடலோர ஊர்களில் குளிர்சாதன அறைகளில் நாள் முழுவதும் வேலை பார்ப்பவர்களுக்கும் இதேபோன்ற வறட்சி வருகிறது. குளிர்சாதனக் கருவி காற்றில் இருக்கும் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே வடித்துவிடுவதே காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் பணத்தை வீணடித்தது இதை அறியாததால்தான். எண்ணெய்ப்பசை குறைந்த தோல் வேறு, நீர் குறைந்த தோல் வேறு. முதலாவது பெரும்பாலும் பிறப்பாலோ வயதாலோ வரும் தன்மை; சாந்தே குறைவாக இருக்கும் சுவர் அது. அம்மாவின் தோல் அந்த வகை. வயது ஏற ஏறக் கொழுப்புச் சுரப்பிகள் சோர்ந்துபோவதும், தோல் தன் கொழுப்பை மறுபடி கட்டிக்கொள்ளும் வேகம் குறைவதும் இயல்பு. இரண்டாவது ஒரு நிலை. வந்துபோகக்கூடியது, எந்த வகைத் தோலுக்கும் வரும். என் மகளின் முகம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எண்ணெய் வழிகிறதே, பிறகு எப்படி வறட்சி என்று நானே அவளிடம் வாதாடியிருக்கிறேன். எண்ணெய் இருப்பது ஈரம் இருப்பதற்குச் சாட்சி ஆகாது. முகம் கழுவிய சில நிமிடங்களில் இறுக்கம், சிரித்தால் கன்னத்தில் மெல்லிய சுருக்கக் கோடுகள், அதே நேரத்தில் மூக்கில் பளபளப்பு, இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் நீர்க்குறைவை நினைக்கலாம்.

நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். உடம்பில் நீர் உண்மையாகவே குறைந்திருந்தால் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் தேவைக்குமேல் குடிக்கும் தண்ணீர் சுவரின் வெளிப்பக்கத்தை நனைப்பதில்லை. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றிலிருந்து மேலும் மேலும் இறைத்து ஊற்றுவதால் குடம் நிறையாது.

இப்போது ஜெல்லிக்குத் திரும்புகிறேன். இதில் நீர் துளியும் இல்லை. தோலுக்குச் சொந்தமான செராமைடும் இல்லை. காற்றிலிருந்தோ உள்ளிருந்தோ ஈரத்தை இழுக்கும் கிளிசரின் போன்ற பொருளும் இல்லை. இது செய்வது ஒரே ஒரு வேலை: கதவைச் சாத்துவது. அந்த ஒரு வேலையில் இதை மிஞ்ச ஆளில்லை. தோல் வழியாக ஆவியாகும் நீரை ஏறக்குறைய 98 விழுக்காடு வரை தடுக்கக்கூடியது என்று தோல் மருத்துவ ஏடுகள் இதைக் குறிப்பிடுகின்றன. மற்ற எண்ணெய் வகைகள் தடுப்பது இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. ஆனால் உள்ளே ஈரம் இல்லாத வீட்டின் கதவைச் சாத்தி என்ன பயன்? ஹீட்டர் அருகே காய்ந்த காலில் நான் தடவிய பத்து நாட்களும் அப்படித்தான் கழிந்தன.

இப்படி ஒரேயடியாக மூடிவைத்தால் தோல் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதை மறந்துவிடாதா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் போல இது மேலே மட்டும் கிடக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்திருந்தார்கள். 1992இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஜெல்லி வெளிப்படலத்தின் செல்களுக்கு இடையே உள்ள சந்துகளுக்குள் இறங்கி அமர்கிறது என்பதையும், அப்படி அமர்ந்த பிறகும் தோல் தன் சாந்தைத் திரும்பக் கட்டும் வேலை தடையின்றி நடக்கிறது என்பதையும் அது காட்டியது. கதவைச் சாத்துவதோடு, உடைந்த சுவருக்குப் பின்னால் கொத்தனார் அமைதியாக வேலை பார்க்க ஒரு திரையும் கட்டிக்கொடுக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

மருத்துவர் சொன்ன முறைக்கு மாறினோம். குளியல்தான் மருந்தின் முதல் பாதி என்றார் அவர். கீசர் தண்ணீரில் ஆவி பறக்க அரைமணி நேரம் குளிப்பது உதகையில் எல்லோருக்கும் பிடித்த சுகம். தோலின் கொழுப்பைக் கரைத்தெடுப்பதும் அதே சுகம்தான். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் இன்னும் நீர்த்திவலை மினுங்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், ஜெல்லியைத் தடவ வேண்டும். அளவும் முக்கியம். ஒரு முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு பட்டாணி அளவு, போதாவிட்டால் இன்னொரு பட்டாணி. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உரசிச் சூடேற்றினால் அது இளகிவிடும். பிறகு முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே நீவிவிட வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் முடிக்கால்களில் அடைத்துக்கொண்டு சிறு கொப்புளங்கள் வரலாம். இப்படிச் செய்தபோது போர்வையில் ஒட்டும் தொல்லை முக்கால்வாசி குறைந்தது. கொஞ்சமும் ஒட்டாது என்று சொல்லமாட்டேன்.

அம்மாவின் கால் எப்படி மாறியது என்பதை நாள் குறித்து வைத்திருந்தேன். நான்காம் நாள் இரவு அரிப்பு குறைந்து, இரண்டு மணிக்கு எழுந்திருக்கும் வழக்கம் நின்றது. இரண்டாம் வாரத்தில் செதில் உதிர்வது அடங்கியது. உலர்ந்த குளத்தின் அடி போலக் கெண்டைக்காலில் ஓடியிருந்த மெல்லிய சிவந்த கோடுகள் மறைய மூன்று வாரம் பிடித்தது. இளவயதில் மேல்தோல் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், முதுமையில் அதைவிடவும் நீளும் என்பதால், ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று கைவிடுவது எந்தப் பூச்சுக்கும் நியாயம் செய்வதாகாது. முகத்திலும் கைகளிலும் வைத்தியம் பார்த்து நான்கு நாளில் மாற்றுபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சோப்பை மாற்றாமல் ஜெல்லியை மட்டும் மாற்றியிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஐந்தை ஒட்டியிருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து என்று காரத்தின் பக்கம் நிற்கிறது. நம் கடைகளில் சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு விழுக்காடு அச்சிட்டிருப்பார்கள்; மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தரநிர்ணயத்தின்படி 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரக் குளியல் சோப்பு. இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் தரச் சோப்பும் காரச் சோப்புதான் என்பதைப் பலர் அறிவதில்லை. அம்மாவுக்கு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு. கைகால்களுக்கு வெறும் தண்ணீர், அல்லது காரமில்லாத செயற்கைக் கழுவுபொருளால் செய்த கட்டி. “சோப்பு போடாமல் குளித்தால் குளித்தது போலவே இல்லையே” என்று முதல் வாரம் வருத்தப்பட்டார். நுரை வந்தால்தான் சுத்தம் என்று அறுபது ஆண்டுகள் நம்பியவரை ஒரே நாளில் மாற்ற முடியாது. அரிப்பு நின்றபோது அவரே ஏற்றுக்கொண்டார்.

ஜெல்லி தோற்ற இடம் குதிகால். பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்து, தடித்துப்போன தோலில் இரண்டு வாரம் தடவியும் விளிம்புகள் கொஞ்சம் மென்மையானதைத் தவிர வெடிப்பு மூடவில்லை. தடித்து இறுகிய தோலைக் கரைத்து எடுக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. அங்கே யூரியா சேர்ந்த களிம்பு வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவா என்று அம்மா திகைத்தார். பொருள் அதே வேதிப்பொருள்தான், தூய்மையும் அளவும் வேறு. நம் தோலிலும் இயற்கையாகவே அது இருக்கிறது. பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதற்கு மேலே போகப் போக இறந்த தடித்த தோலை இளக்கத் தொடங்கும். வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, யூரியா களிம்பைத் தடவி, அதன்மேல் ஜெல்லியை மெல்லிய பூச்சாகப் போட்டு, பருத்திக் காலுறை அணிவித்துப் படுக்கவைத்தோம். ஒரு மாதத்தில் வெடிப்பு மூடியது. திறந்த பிளவில் நேரடியாக யூரியா பட்டால் எரியும். பிளவுக்குள் ஜெல்லி, சுற்றிலும் யூரியா என்று பிரித்துத் தடவியது எங்களுக்கு ஒத்துவந்தது. நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கைவைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்கு ஒரு சிறு வெடிப்பே தொற்றுக்கு வாசலாகிவிடும். வெந்நீரின் சூடும் அவருக்குத் தெரியாது.

மகளின் முகத்தைப் பொறுத்தவரை இந்தப் பொருளை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜெல்லி தானாக முகப்பரு உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது. ஆனால் பரு வரும் இயல்புள்ள முகத்தில் இதைப் பூசினால் சிலருக்குப் பரு கூடும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகமும் எச்சரிக்கிறது. அவளுக்குத் தேவைப்பட்டது கதவைச் சாத்துவதல்ல, திறந்துவிட்ட கையை நிறுத்துவது. நாளைக்கு நான்கு முறை எண்ணெயை உறிஞ்சும் ஃபேஸ்வாஷ் போட்டு, ஒவ்வொரு முறையும் முகம் ‘கிறீச்’சென்று சுத்தமாக வேண்டும் என்று எதிர்பார்த்தாள். அந்த ஓசை வரும்போது சாந்தும் சேர்ந்து போய்விட்டது என்று பொருள். இரண்டு முறையாகக் குறைத்து, நுரை குறைந்த மென்மையான கழுவுபொருளுக்கு மாறி, ஈர முகத்தில் கிளிசரின் கலந்த, எண்ணெய் குறைந்த லோஷனைத் தடவியதில் பத்துப் பன்னிரண்டு நாளில் இறுக்கம் போனது. கிளிசரினைத் தனியாக, தண்ணீர் கலக்காமல் முகத்தில் பூசுவதைப் பழைய வழக்கமாகப் பலர் செய்கிறார்கள். காற்றில் ஈரம் இல்லாத நாளில் அது மேலிருந்து நீர் கிடைக்காமல் தோலின் அடியிலிருந்தே இழுத்துக்கொள்ளும். உதட்டுக்கு மட்டும் மகளும் ஜெல்லியையே பயன்படுத்துகிறாள். உதட்டில் எண்ணெய்ச் சுரப்பு இல்லாததால், நாவால் ஈரப்படுத்திக் கொள்ளும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது.

இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பில் மாணவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் மிகவும் ஆவலாகக் கேட்டார்கள். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில் துளையிட்ட கிணற்றில் பெட்ரோலியம் கிடைத்தது. திமிங்கில எண்ணெயிலிருந்து விளக்கு எரிக்கும் எண்ணெயை வடித்துப் பிழைத்த இளம் வேதியியலாளர் ராபர்ட் செசிப்ரோவின் தொழிலுக்கு அது முடிவுகட்டியது. என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கே போனவர், துளையிடும் தண்டுகளில் படிந்து வேலையைக் கெடுத்த மெழுகுப் பிசினைத் தொழிலாளர்கள் சுரண்டி எடுத்துத் தங்கள் வெட்டுக்காயங்களிலும் தீப்புண்ணிலும் தடவுவதைக் கண்டார். அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து ஆண்டுக்கணக்கில் சுத்திகரித்து, 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். அவர் அதை எல்லா நோய்க்கும் மருந்து என்றே நம்பினார், அது மிகை. ஆனால் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் கையால் கண்டறிந்த உண்மையை ஒன்றரை நூற்றாண்டு மருத்துவம் தள்ளிவிடவில்லை என்பதை நான் மதிப்புடன் நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி தடவிய எண்ணெய்கள் போதாதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் நல்ல பொருள். தோல் வறட்சிக்கு அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன்பட்டதாகப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கேயே பின்னர் குழந்தைகளின் கரப்பான் வகைத் தோல் அழற்சியில் அது கனிம எண்ணெயை முந்தியது. கடலோரத்தில் இருந்தால் நான் இன்றும் அதைத்தான் முதலில் எடுப்பேன். உதகையில் உறைந்த எண்ணெயை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் வைத்து உருக்க வேண்டியிருப்பதும், நீரை அடைத்துவைப்பதில் அது ஜெல்லியளவு வலுவில்லாததும் எனக்குக் குறையாகத் தெரிந்தன. நல்லெண்ணெய்க் குளியலை நான் கைவிடவில்லை. அதற்குப் பிறகு சீயக்காய்த் தூளால் தேய்த்து எண்ணெயை முழுவதும் எடுத்துவிடுவதை மட்டும் உடம்புக்கு விட்டுவிட்டேன், தலைக்குப் போதும். ஆலிவ் எண்ணெயை வறண்ட தோலுக்கு உயர்ந்தது என்று வாங்குவோர் கவனிக்க வேண்டும். அதில் மிகுந்துள்ள ஒலீயிக் அமிலம் தோலின் சாந்தைக் குலைக்கக்கூடியது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே கடைதோறும் விற்கும் நீலகிரித் தைலத்தைச் சிலர் வெடிப்புக்குத் தடவுகிறார்கள். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க ஏற்றதுதான், வெடித்த தோலில் அது எரிச்சலைக் கிளப்பும்.

குறைகளையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடி போனபோது பழக்கத்தில் கழுத்திலும் முதுகிலும் தடவிய எனக்கு இரண்டே நாளில் வேர்க்குரு வந்தது. வெயிலில் வியர்க்கும் உடம்புக்கு இது வேண்டாத கம்பளி. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று உள்ள இடத்திலும், நீர் வடியும் புண்ணிலும் இதைப் பூசி மூடக் கூடாது. மூக்கின் உட்புறம் காய்ந்து ரத்தம் கசிகிறது என்று தினமும் மிகுதியாகப் பூசுவதும் நல்லதல்ல. நீண்ட காலத்தில் அது சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு.

இவற்றைவிடப் பெரியது தீ. ஜெல்லி தானாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் சேலை, நைட்டி, போர்வை ஆகியவற்றில் ஊறிக் காய்ந்த பிறகு அந்தத் துணி நெருப்புப் பட்டால் வழக்கத்தைவிட வேகமாகவும் கடுமையாகவும் எரியும். பிரிட்டன் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைப் பற்றித் தெளிவாக எச்சரித்தது. சலவை செய்தாலும் முழுவதும் போய்விடும் என்ற உறுதியில்லை. காலையில் குளித்து, ஜெல்லி தடவி, அதே நைட்டியோடு அடுப்படியில் நிற்பதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. அம்மாவுக்கு இரவு உடை தனி, அடுப்படி உடை தனி என்று பிரித்துவிட்டேன். நெருப்புச் சட்டியருகே குளிர்காய்வதையும் நிறுத்தச் சொன்னேன். டப்பாவின் மேல் இந்த எச்சரிக்கையை எல்லாத் தயாரிப்பாளர்களும் பெரிய எழுத்தில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லா வறட்சியும் பனியால் வருவதல்ல. சிறுவயது முதலே காலில் மீன் செதில் போன்ற வறட்சியும் உள்ளங்கையில் அளவுக்கு மீறிய ரேகைகளும் இருந்தால், அது குடும்ப வழியில் வரும் தோல் நிலையாக இருக்கலாம். தோலின் ஈரப் பொருட்களை உண்டாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறையே அதற்குக் காரணம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். திடீரென்று உடம்பு முழுவதும் தோல் காய்ந்து, கூடவே சோர்வும் எடை கூடுதலும் குளிர் தாங்காமையும் இருந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். தோலில் எதுவும் தெரியாமல் அரிப்பு மட்டும் வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் பார்க்கச் சொல்வார். அந்த நிலைகளில் ஜெல்லி துணைதானே தவிர மருத்துவம் ஆகாது.

வாங்குபவர்களுக்கு இரண்டு சொற்கள். வாயகன்ற பெரிய டப்பாவுக்குள் வீட்டில் எல்லோரும் விரலை விட்டு எடுப்பது சுத்தமல்ல. டியூபில் வருவதை வாங்கலாம், அல்லது சிறிய டப்பாக்களாக வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஐஸ்கிரீம் மரக்கரண்டியால் எடுக்கிறோம். தினமும் ஒருமுறை இரண்டு கால்களுக்கும் இரண்டு கைகளுக்கும் தடவியும் அம்மாவின் நடுத்தர டப்பா ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. இந்த ஆண்டு ஐப்பசி மழை விட்டதுமே, செதில் தோன்றும் முன்பே தொடங்கிவிட்டோம். டப்பா அவருடைய கட்டிலருகே இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால், துண்டு தொங்கும் ஆணிக்குக் கீழே இருக்கிறது.